அப்பா பேசிட்டார்

அந்த வீட்டில் தண்ணீர், மின்சாரம் மாதிரி எந்நேரமும் கிடைக்கிற வசதி இன்னொன்று உண்டு. அது, அப்பாவின் "நான் பேசிட்டேன்!"

பள்ளிக்கூடத்தில் இடம் இல்லையா? பேசிவிடுவார். விமானத்தில் ஜன்னலோரம் கிடைக்கவில்லையா? பேசிவிடுவார். எதிர் வீட்டு நாய் விடிய விடியக் குரைக்கிறதா? போய்ப் பேசிவிட்டு வருவார். மறுநாள் நாய் வாயைத் திறக்காது. "நாயோட சொந்தக்காரர்கிட்ட பேசினீங்களா, இல்ல நாய்கிட்டயேவா?" என்று அம்மா கேட்பாள்.

மிரட்டுகிற ஆள் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம். இவர் தோளில் கை போடுவார். டீ வாங்கித் தருவார். உங்கள் பிள்ளை என்ன படிக்கிறது என்று அக்கறையாக விசாரிப்பார். எழுந்து வரும்போதுதான், அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறோமே என்று உங்களுக்கு உறைக்கும். மூன்று மாடி டைல்ஸ் கடை சும்மா வந்துவிடுமா?

இந்த வாரம்தான் முதல் முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அப்பாவுக்கும், ஊரில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல்லைப் பார்த்திருக்கிற பல் டாக்டர் அம்மாவுக்கும் ஒரே மகள். கட்டடக் கலை படித்துப் பட்டம் வாங்கி, அதைச் சுவரில் மாட்டிவிட்டு, குத்துச்சண்டைக்குப் போனவள். உடம்பு இளைக்கவோ பொழுது போகவோ இல்லை, தொழிலே அதுதான். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். இதுவரை ஐந்து சண்டை, ஐந்திலும் வெற்றி.

பயிற்சிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ஏசி. டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைதான் பயிற்சிக்கூடம். முதல் நாள் உள்ளே வந்தவள், வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நிஜமாகவே தெரியாமல், "ஏசி போடலையா?" என்று கேட்டுவிட்டாள். கொட்டகையே சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. ஆளும் ஒட்டிக்கொள்வாள் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். "சோத்துக்கு இல்லாதவங்க குத்திக்கிட்டா அதுல நியாயம் இருக்கு. இவளுக்கு என்ன கேடு?" கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கேள்விதான் எரிச்சல்.

ஐயா, அடி வாங்கினால் வசதியானவர்களுக்கு மட்டும் பன்னீரா தெளிக்கிறது? போக்கிடம் இல்லாமல் ரிங்கில் நிற்பது துணிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். வாசலில் கார் காத்திருக்கிறது, வீட்டில் மெத்தை காத்திருக்கிறது, "போதும், வந்துடு" என்று சொல்ல அம்மா அப்பா காத்திருக்கிறார்கள். அப்படியும் கண்ணுக்கு மேல் கிழிந்த புருவத்தோடு அடுத்த சுற்றுக்கு எழுந்து போகிறாளே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

சரி, கதைக்கு வருவோம். நாளைக்குச் சண்டை. எதிராளிக்கு எல்லாரும் சொல்கிற பெயர் இடக்கை. பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவள். அவள் இடது கை எப்போது கிளம்புகிறது என்று பார்த்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. இன்று மத்தியானம் இருவருக்கும் எடை பார்க்கிறார்கள்; குறித்த எடையைத் தாண்டினால் ரிங்கில் ஏற முடியாது.

அதுவரை ஏசிக்குப் பட்டினி. காலையில் சாப்பாட்டு மேசையில் அவள் எதிரே காலித் தட்டுகூட இல்லை. அம்மா மட்டும் ரொட்டிக்கு ஓரம்வரை வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்படிப் பாக்காதே. பாத்தாலே எடை கூடிடும்" என்றாள் அம்மா.

"நீ ஏம்மா எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடற?"

"என் வீடு, என் மேசை. உன்னைப் பட்டினி கிடன்னு நானா சொன்னேன்? வாயைத் திற."

அம்மா சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, தானே புதிதாகச் செய்த மவுத்கார்டை, அதாவது சண்டையில் பல் உடையாமல் காக்கிற உறையை, மகளின் பல்லில் பொருத்திப் பார்த்தாள். கடிக்கச் சொன்னாள். உதட்டை விலக்கி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, ஒவ்வொரு பல்லாக விசாரித்தாள். மகளின் எல்லாச் சண்டைக்கும் அம்மா வந்து முன்வரிசையில் உட்காருவாள். ஆனால் சண்டையைப் பார்க்க மாட்டாள். மகளின் வாயை மட்டும்தான் பார்ப்பாள்.

அப்பா அதுவும் இல்லை. அரங்குக்கு வருவார், மணி அடித்ததும் போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போய்விடுவார். உள்ளே கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் திரும்பி வருவார்.

அப்படிப்பட்ட அப்பா இன்று விசிலடித்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தார். சண்டைக்கு முந்தின நாள் காபி டம்ளரைக் கையில் பிடிக்கவே தடுமாறுகிறவர், இன்று இரண்டாவது காபி கேட்டார்.

"குட்டிம்மா, நீ ஒண்ணும் கவலைப்படாதே. எல்லாம் நல்லபடியா முடியும். பாவம், அந்தப் பொண்ணுக்கும் மணிக்கட்டு சரியில்லையாம்."

வாயில் மவுத்கார்டு இருந்ததால் ஏசிக்குப் பேச்சு வரவில்லை. எடுத்துவிட்டுக் கேட்டாள். "எந்தப் பொண்ணுக்குப்பா?"

"அதான்... அந்த இடக்கைப் பொண்ணுக்கு. யாரோ சொன்னாங்க" என்று அப்பா காபியோடு வாசல் பக்கம் போய்விட்டார்.

சண்டைக்கு முன்னால் ஆயிரம் வதந்தி வரும். ஏசி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கொட்டகையில் அவள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் போனோடு உள்ளே வந்தார். மாஸ்டர் என்றால் பயிற்சியாளர். ஒரு காலத்தில் அவரும் ரிங்கில் நின்றவர்தான். இப்போது முன்பக்கத்து டயர் கடையில் அவருக்குப் பாதிப் பங்கு. அவர் முகம் விழுந்து கிடந்தது.

"ஏசி, இடக்கை வரலையாம். மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சாம்."

கயிறு நிற்கவில்லை. "யார் சொன்னா மாஸ்டர்?"

"சண்டையை ஏற்பாடு பண்ற அமைப்பாளர்தான். ஒரு மணி நேரம் முன்னாடிதான் அவ போன் பண்ணிச் சொன்னாளாம். வெளியில யாருக்கும் தெரியாது, முதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன்னார். மாத்தி ஒரு புதுப் பொண்ணைப் பிடிச்சிருக்காங்க. நேத்துதான் கையுறை மாட்டக் கத்துக்கிட்டவ. நீ கொட்டாவி விட்டுக்கிட்டே ஜெயிக்கலாம்."

கயிறு நின்றது.

"அமைப்பாளருக்கே இப்பத்தான் தெரியுமா?"

"ஆமா. ஏன்?"

"எங்கப்பா எனக்கு அதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரே மாஸ்டர். காபி குடிச்சுக்கிட்டே."

 மாஸ்டர் பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். அவருக்கும் அந்த அப்பாவைத் தெரியும். கொட்டகைக்குப் புதுத் தரை போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

"பேசிட்டாரா?" என்றார் மெதுவாக.

ஏசி கயிற்றைச் சுருட்டிக் கீழே போட்டாள்.  அப்பா மேல் வந்த கோபம்கூட இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது பயம். ஐந்து முறை நடுவர் அவள் கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஐந்து முறையும் அவள் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "நானேதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த ஐந்திலும் அப்பா பேசியிருந்தால்? அப்படியானால் அவள் யார்? யாரோ கீழே விழுந்து காட்ட, மேலே நின்று கைதட்டல் வாங்கிய பொம்மையா?

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

மருத்துவமனையில் அம்மா ஒருவரை நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சு வைத்திருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டாள். மகள் சொல்லி முடித்ததும் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தாள்.

"முந்தாநாள் உங்கப்பா ஒரு பார்சல் கம்பெனிக்குப் போயிட்டு வந்தார். டைல்ஸ் அனுப்பற விஷயமா பேசணும்னார்" என்றாள் அம்மா.

"இடக்கை அங்கதான்மா வேலை பாக்கறா."

"ஆ" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா அவரிடம். பிறகு போனில், "நீ அந்தப் பொண்ணைப் போய்ப் பாரு. உங்கப்பாவை நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினாள். "உங்களுக்கு மிச்சத்தை உதவி டாக்டர் பாத்துக்குவாங்க. நான் அவசரமா வேற ஒரு பல்லைப் பிடுங்கப் போகணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பார்சல் கம்பெனியின் பின்கட்டில் வேன்கள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. இடக்கை கம்பெனிச் சட்டையில், கனமான பெட்டி ஒன்றை இடது கையால் அணைத்துத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏசி முதலில் பார்த்தது அந்த மணிக்கட்டைத்தான். கட்டும் இல்லை, வீக்கமும் இல்லை.

"சுளுக்கு சரியாயிடுச்சாக்கா?"

இடக்கை திரும்பினாள். பெட்டியை வேனுக்குள் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டாள்.

"வாங்க மேடம். முந்தாநாள் அப்பா, இன்னிக்கு நீங்க. அம்மா எப்ப வர்றாங்க?"

"அம்மா அப்பாவைப் பாக்கப் போயிருக்காங்க."

இடக்கைக்குச் சிரிப்பு வந்தது. வரவில்லை என்று காட்டிக்கொள்ள இன்னொரு பெட்டியைத் தூக்கினாள்.

"அப்பா என்ன சொன்னாருக்கா?"

"நல்ல மனுஷன். திட்டியிருந்தார்னா நானும் நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருப்பேன். டீ வாங்கிக் குடுத்தார். என் பொண்ணு என்ன படிக்கறான்னு கேட்டார். கடையில டெலிவரி பிரிவைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும், நீயே வாயேம்மான்னார். வேன் ஓட்ட வேணாம், மூட்டை தூக்க வேணாம், உக்காந்து பாக்கற வேலை. எழுந்திருக்கும்போது போற போக்குல ஒரு வார்த்தை சொன்னார், 'இந்த ஒரு தடவை மணிக்கட்டு கொஞ்சம் வலிச்சா தேவலைம்மா'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? உக்காந்து பாக்கற வேலைன்னா சும்மாவா? வீட்டுக்குப் போய் யோசிச்சேன். யோசிக்க யோசிக்க நிஜமாவே மணிக்கட்டு வலிச்சுது."

அவள் அதை வெட்கப்படாமல் சொன்னாள். ஆனால் சொல்லும்போது ஏசியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீதான் அனுப்பினேன்னு நெனச்சேன்" என்றாள் இடக்கை. "பெரிய வீட்டுப் பொண்ணு, பயந்துக்கிட்டு அப்பாவை விட்டுப் பேசச் சொல்லியிருக்கா, இவளை அடிச்சு என்ன ஆகப் போகுதுன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு இப்ப உன் மூஞ்சியைப் பாத்தா தெரியுது."

ஏசி வேனின் ஓரத்தில் சாய்ந்து நின்றாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காததில் தலை சுற்றியது.

"அந்த வேலையை விட்டுடாதீங்க. டெலிவரிக்கு ஆள் இல்லாம அப்பா நிஜமாவே திண்டாடறார். வேலையையும் எடுத்துக்கோங்க, நாளைக்கும் வாங்க."

"நல்லா இருக்கே! உன்னை ரிங்ல வெச்சு சாத்திட்டு, அப்புறம் உங்கப்பாவுக்கு வணக்கம் வெச்சுட்டு நாற்காலியில உக்காரணுமா?"

"நல்லா சாத்தினா சம்பளத்தைக் கூட்டச் சொல்றேன்."

இந்த முறை இடக்கையால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து, கொஞ்சம் குரலை இறக்கிக் கேட்டாள். "உனக்கு எதுக்கு இது? போறவளைப் போன்னு விட வேண்டியதுதானே? நான் உள்ள வந்தா பாவம் புண்ணியம் பாக்க மாட்டேன். அது உனக்கே தெரியும்."

"தெரியும். உங்க இடது கையை நெனச்சாலே எனக்குப் பயம். கனவுல எல்லாம் வருது." ஏசி மூச்சு வாங்கினாள். "நீங்க வரலைன்னா நான் ஜெயிச்சுடுவேன்கா. அடுத்ததும் ஜெயிப்பேன். இப்படியே ஜெயிச்சுக்கிட்டே இருப்பேன். ஒரு தடவையாவது நான் ஜெயிச்சேனான்னு மட்டும் எனக்குத் தெரியவே தெரியாது."

உள்ளேயிருந்து யாரோ வண்டி எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். இடக்கை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா அக்கான்னு கூப்பிடறியே, அப்புறம் எப்படி அடிப்பே?"

"அடிப்பேன்கா."

இடக்கை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. வேன் போய்விட்டது.

டைல்ஸ் கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சண்டை போடுகிற பழக்கம் அந்தத் தம்பதிக்கு இல்லை. இரண்டாவது மாடியில், வாங்குகிறவர்கள் பார்ப்பதற்காக அமைத்து வைத்திருந்த மாதிரிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தண்ணீர் வராத குழாய்களுக்கு நடுவில், தண்ணீர் பார்த்தே இராத தொட்டியின் விளிம்பில் அப்பா உட்கார்ந்தார்.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் அம்மா.

அப்பா மறுக்கவில்லை. எதை எப்படிச் சொன்னால் எடுபடும் என்று கணக்குப் போடுகிற முகம் ஒன்று அவருக்கு உண்டு. இப்போது அதைக் காணோம்.

"அந்தப் பொண்ணு பயிற்சி பண்றதைப் போய்ப் பாத்தேன். தொங்கிட்டிருந்த பையை இடது கையால ஒரு அடி அடிச்சா பாரு, பை போய் சுவத்துல மோதிட்டு வந்துச்சு. நான் அங்கயே உக்காந்துட்டேன். அந்தப் பை இருந்த இடத்துல நம்ம குழந்தையோட முகம் இருக்கும்னு நெனச்சா... நான் என்ன பண்ணட்டும்? எனக்குத் தெரிஞ்சது பேசறது ஒண்ணுதான்."

"உங்களுக்கு மட்டும்தான் பயமா? அவளுக்கு ஒவ்வொரு பல்லும் முளைச்சதைப் பாத்தவ நான். சண்டை முடிஞ்சு அவ சிரிக்கற வரைக்கும் எனக்கு மூச்சே வராது. எனக்குத் தெரிஞ்சது பல்லுக்கு உறை செய்யறது. அதைச் செஞ்சு அவ வாயில மாட்டறேன், அது அவளுக்குத் தெரியும். நீங்க அவளுக்குத் தெரியாம அவ கையைக் கட்டிட்டு வந்திருக்கீங்க."

"இரு, இரு. இப்பவே அமைப்பாளருக்குப் போன் போட்டு நான்..."

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. அம்மா பார்த்த பார்வையில், போன கை வெறுமனே திரும்பி வந்தது.

"எழுந்திருங்க. எடை பாக்கற இடத்துக்குப் போகணும்."

"அங்க போய் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். வந்து நில்லுங்க, போதும்."

அரங்கின் பின்னறையில் தராசு வைத்திருந்தார்கள். சுவரோரமாக அந்தப் புதுப் பெண் தன் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏசியைப் பார்த்ததும் எழுந்து நிற்கலாமா, கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏசி அவள் தோளைத் தட்டிவிட்டுத் தராசில் ஏறினாள். எடை சரியாக இருந்தது. மாஸ்டர் உடனே தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

ஒரு விளையாட்டு நிருபர் அவளை மடக்கினார். எல்லா நிருபர்களும் கேட்கிற கேள்விதான். "வீட்ல எல்லா வசதியும் இருக்கு. இந்த அடி உதை எல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

சாதாரணமாக அவள் இதற்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இன்று நின்று பதில் சொன்னாள்.

"எங்க வீட்ல எனக்கு எது வேணும்னாலும் என்னை நேசிக்கறவங்க யாராவது முன்னாடியே போய்ச் செஞ்சு வெச்சுடுவாங்க. அதுக்காக அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு பாசம். ஆனா நான் எதுக்கு லாயக்குன்னு எனக்குத் தெரியவே இல்லை. ரிங்குக்குள்ள மட்டும்தான் எனக்காக வேற யாரும் வந்து நிக்க முடியாது. அதனாலதான் இங்க வந்தேன்."

வாசல் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா. மகள் அவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வார்த்தைகூடத் தவறாமல் அப்பாவின் காதில் விழுந்தது. 

அமைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, புதுப் பொண்ணு ஏறும்மா, முடிச்சுடலாம்."

"கொஞ்சம் இருங்க" என்றாள் ஏசி.

"யாருக்காக?"

ஏசி வாசலைப் பார்த்தாள். அமைப்பாளர் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஒரு கால் வைத்தபோது வாசலில் யாரோ, "தள்ளுங்க, தள்ளுங்க, வண்டியை ரோட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேன்!" என்றார்கள்.

கம்பெனிச் சட்டையோடு, கையில் வேன் சாவியோடு, இடக்கை.

அமைப்பாளருக்கு வாய் பிளந்தது. "மணிக்கட்டு?"

"தூங்கி எழுந்தேன், போயிடுச்சு."

பரிசோதிக்கிற டாக்டர் அவள் மணிக்கட்டை அழுத்தினார், திருப்பினார், மடக்கினார். "ஒண்ணுமே இல்லையே" என்றார் ஆச்சரியத்தோடு. இடக்கை தராசில் ஏறினாள், இறங்கினாள். புதுப் பெண்ணை முன்னால் நடக்கிற சின்னச் சண்டை ஒன்றில் சேர்த்துக்கொள்வதாக முடிவானது. அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது.

புகைப்படத்துக்காக இரண்டு பேரையும் நேருக்கு நேர் நிற்க வைத்தார்கள். மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரம். கேமராக்கள் மின்னின. ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே, உதடு அசையாமல் பேசிக்கொண்டது மாஸ்டருக்கு மட்டும்தான் கேட்டது.

"திங்கக்கிழமை வேலைக்கு வரேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"அவரே வாசல்ல நிக்கறார். நீங்களே சொல்லிக்கோங்க."

"அய்யய்யோ, எனக்கு வெக்கமா இருக்கு" என்று முறைத்தாள் இடக்கை.

கூட்டம் கலைந்தது. கார் நிறுத்துகிற இடத்தில் ஏசி சுவரில் சாய்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைய முதல் சாப்பாடு. அப்பா வந்து எதிரே நின்றார். ஊரில் யாரிடமும் எதையும் பேசுகிறவர், பெற்ற மகளிடம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்.

"தப்புதான்மா" என்றார் கடைசியில். "பயந்துட்டேன்."

"தெரியும்பா." அவள் விழுங்கிவிட்டுக் கேட்டாள். "இதுக்கு முன்னாடியும் பேசியிருக்கீங்களா?"

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியும் இருப்பாள்.

"ஒரு தடவை" என்றார். "ஒரே ஒரு சண்டைக்கு."

ஏசி கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா தொண்டையைச் செருமினார். "அது வந்தும்மா, எந்தச் சண்டைன்னா..."

"வேணாம்!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "சொல்லாதீங்கப்பா. சொன்னீங்கன்னா மத்த நாலையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிம்மதியா தூங்கிடுவேன். எது எனக்குச் சொந்தம்னு தெரியாமலே இருக்கட்டும். அஞ்சையும் விட்டுட்டேன். நாளைக்குத்தான் எனக்கு முதல் சண்டை."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அவர் கன்னத்தைத் தட்டினாள்.

"நாளைக்குப் போன் வந்த மாதிரி எழுந்து ஓடக் கூடாது. உக்காந்து பாக்கணும்."

அவள் போய்க் காரில் ஏறிக்கொண்டாள். அம்மா அங்கேயே நின்றாள். மகள் கண்ணாடியை ஏற்றும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள். "எதுங்க அந்த ஒண்ணு?"

அப்பா அவள் காதோரம் குனிந்து சொன்னார்.

அம்மாவின் கை வாய்க்குப் போயிற்று. "ஐயோ! மூக்கு உடைஞ்சு ரத்தம் கொட்டக் கொட்ட நின்னாளே, அதுவா?"

"அதேதான். அந்தப் பொண்ணு என்கிட்ட சரி சரின்னு தலையாட்டிட்டு, டீயையும் குடிச்சுட்டு, உள்ள போய் உசிரைக் குடுத்து அடிச்சுது. நான் பேசினதை அது மதிக்கவே இல்லை. வெளியில சொல்ல எனக்கே அவமானமா இருந்துச்சு."

அம்மா கணவனை வெறித்துப் பார்த்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்ப அஞ்சும் அவளோடதுதாங்க! அஞ்சையுமே அவதான் ஜெயிச்சிருக்கா!"

"ஆமா! போய்ச் சொல்லிடட்டுமா?" அப்பா காரை நோக்கி ஓரடி வைத்துவிட்டார்.

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "முதல் சண்டைன்னு நெனச்சுக்கிட்டு எப்படி உக்காந்திருக்கா பாருங்க. அந்த முகத்தை நாளைக்கு இடக்கை பாக்கட்டும். மணி அடிச்சு முடியற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"நாளைக்கு வரைக்குமா?" என்றார் அப்பா, மூச்சடைத்தவர் மாதிரி.

கார்க் கண்ணாடி இறங்கியது. "ரெண்டு பேரும் அங்க என்ன பேசிட்டிருக்கீங்க?"

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவர் காலை மிதித்தாள்.

"ஒண்ணும் பேசலைம்மா" என்றார்.